ஆசாரிப்பள்ளத்தில் ஒரு மேசை: எம்.எஸ். நோயாளிகளுக்கான தகவலும் துணையும் குறித்து எங்கள் நிலைப்பாடு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., அரசுக் காகிதங்களில் தண்டுவட மரப்பு நோய் என்று வருகிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளின் மேலுறையை அரித்துவிடும் நோய் இது. இதனோடு வாழும் குமரி மாவட்டத்துக்காரருக்குத் தகவலும் துணையும் எங்கிருந்து கிடைக்க வேண்டும்? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வாரத்தில் குறித்த ஒரு நாள், பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் உட்கார்ந்திருக்கும் மேசையிலிருந்து என்பது எங்கள் அமைப்பின் பதில். நோயை விளக்குவது, மருந்துச் சந்தேகம் தீர்ப்பது, சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டுவது எல்லாவற்றுக்கும் அந்த ஒருவரே பொறுப்பாக இருக்க வேண்டும். செயலி, வாட்ஸ்அப் குழு, விழிப்புணர்வுப் பேரணி எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

முதல் மறுப்பு எண்ணிக்கையைப் பற்றியது. மங்களூரு நகரில் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வு, ஒரு லட்சம் பேரில் எட்டுப் பேருக்குச் சற்று மேல் இந்நோய் இருப்பதாகக் கண்டது. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்ட மக்கள்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். மங்களூரு விகிதம் இங்கும் பொருந்துமானால் நோயாளிகள் சுமார் 150 பேர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும்போது 150 பேருக்குத் தனி ஏற்பாடா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் சர்க்கரைக்காரருக்கு விசாரிக்கப் பக்கத்து வீட்டில் ஆள் உண்டு. எம்.எஸ். வந்தவர் தன்னைப் போன்ற இன்னொருவரைக் கண்ணால் பார்க்காமலே பல ஆண்டுகள் கழிக்கக்கூடும். கிராமச் செவிலியர் தம் பணிக்காலம் முழுக்க ஒரு நோயாளியையும் காணாதிருக்கலாம். உலக அளவில் இந்நோய் கண்டறியப்படும் சராசரி வயது 32, பெண்கள் ஆண்களைப்போல் இரு மடங்கு. அதற்குப் பிறகு முப்பது, நாற்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. தவிர, அந்த மேசை எம்.எஸ். நோயாளிகளுக்கு மட்டுமே என்று நாங்கள் கேட்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்-ஸையும் பார்க்கின்சன் நோயையும் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற ஒரே தலைப்பில்தான் வைத்திருக்கிறது. இரு தரப்பும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

அடுத்த மறுப்பு கைபேசியைக் காட்டி வருகிறது. அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் முதலிடம் நமக்கு. தேடிப் படித்துக்கொள்ள மாட்டார்களா என்கிறார்கள். படிப்பார்கள். ஆனால் இந்த நோய்க்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. பெரும்பாலானவர்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் அது வந்து வந்து போகும். ஒரு கண் மங்கும், சில வாரங்களில் தானே தெளியும். கால் மரத்துப்போகும், மாதம் இரண்டில் உணர்ச்சி திரும்பும். அந்த இடைவெளியில் எதைச் சாப்பிட்டாரோ, யாரிடம் தடவிக்கொண்டாரோ, குணமான பெருமை அதற்குப் போய்விடும். ஒருவர் துளியும் பொய் சொல்லாமலே தவறான சாட்சி சொல்ல இந்நோய் இடம் கொடுக்கிறது. 2009-இல் இத்தாலிய மருத்துவர் பாவ்லோ ஸம்போனி, கழுத்துச் சிரைகளின் சுருக்கமே எம்.எஸ்-க்குக் காரணமாகலாம், பலூன் கொண்டு விரித்துவிடலாம் என்றார். அந்தச் சிகிச்சைக்காகக் கனடா நோயாளிகள் இந்தியாவரை பறந்து வந்தார்கள். குணம் கண்டதாகச் சொல்லும் காணொளிகள் குவிந்தன. கனடாவில் நடந்த சோதனையும் சரி, ஸம்போனியே முன்னின்று நடத்திய சோதனையும் சரி, அதனால் பயனில்லை என்றே 2017-இல் காட்டின. நன்றாகப் படித்த, இணையத்தில் தேர்ந்த நாட்டவர் பட்ட ஏமாற்றம் இது. தகவலுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அதைச் சலித்துச் சொல்ல ஆள்தான் இல்லாமல் போனது.

இங்கே வர்ம ஆசான்மாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் வர்ம மருத்துவம் வேரோடிய மரபு. கை கால் தளர்ந்தால் முதலில் அங்கே போவோர் உண்டு. அந்த மரபோடு எங்களுக்குப் பகை இல்லை, இறுகிய தசைக்குத் தடவல் இதம் தரும். எம்.ஆர்.ஐ. எடுப்பதைத் தள்ளிப்போடவோ தொடங்கிய மருந்தை நிறுத்தவோ அது காரணமாகக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். வெளியே நோய் அடங்கிக் கிடக்கும் மாதங்களிலும் மூளையில் புதிய தழும்புகள் விழுவதை எம்.ஆர்.ஐ. காட்டுகிறது. மருந்துக்கு வேலையே அந்த மாதங்களில்தான்.

மருந்துகள் விஷயத்தில் பொதுத் தகவல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ரிடுக்சிமாப் ஓர் உதாரணம். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்-க்கான மருந்துகளை முதல்முறையாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தபோது கிளாட்ரிபின், கிளாட்டிரமர் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தது. இந்தியாவிலேயே தயாராகிறது, புதிய மருந்துகளைவிட விலை குறைவு. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்தால் நிணநீர்ப் புற்றுநோய் என்றும் மூட்டுவாதம் என்றும் இருக்கும், எம்.எஸ். இருக்காது. எனக்குப் புற்றுநோயா, வீட்டார் மறைக்கிறார்களா என்று இரவெல்லாம் கைபேசியில் துழாவுபவருக்கு, அதை எழுதிய மருத்துவமனையே ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்க வேண்டும். இன்டர்ஃபெரான், கிளாட்டிரமர் ஊசிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. 2017 நவம்பர் 30-இல் ஓகிப் புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத மாவட்டத்தில் அந்த ஊசியை எங்கே கொடுத்து வைப்பது என்று எந்தக் கையேடும் சொல்லாது. வெயில் ஏறினால் பார்வை மங்குவதும் கால் தளர்வதும் பலருக்கு நேர்கிறது. அது பெரும்பாலும் புதிய தாக்குதல் அல்ல, உடல் குளிர்ந்தால் சரியாகும். இதைச் சித்திரை பிறக்குமுன் சொல்லிவைத்தால் பாதி பயம் தீரும்.

திருவனந்தபுரம் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது, சித்ரா மருத்துவமனை இருக்கிறது, பிறகென்ன என்போரும் உண்டு. சிகிச்சைக்கு அது நமக்குப் பெரும் பேறுதான். ஆனால் 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டமான நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, மருத்துவர் ஒரு மாநிலத்திலும் அலுவலகம் இன்னொரு மாநிலத்திலுமாக நோயாளி அலைகிறார். தமிழ்நாடு அரசு எம்.எஸ். பாதித்தவர்களுக்குத் தரும் மாதம் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகைக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத்தான் வர வேண்டும். சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு பாதிப்பு என்பது வாசல்படி. காலை பத்து மணிக்கு மருத்துவக் குழுவின் முன் நேராக நடந்து போகிறவர், மதியம் இரண்டு மணிக்கு அதே காலை இழுத்துக்கொண்டு பேருந்தைப் பிடிக்கிறார். சோர்வும் சிறுநீர்க் கோளாறும் பார்த்தால் தெரியாது. எழுத்தில் இருந்தால்தான் உண்டு. தீவிர நோய்க் காப்பீடு எடுத்தவருக்கும் பாதிப்பு குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்தது என்ற பதிவு வேண்டும். எந்தத் தாளில் எந்த வரி இருக்க வேண்டும் என்பது இரு பக்கமும் தெரிந்த ஒருவருக்கே தெரியும்.

எங்களைச் சற்று யோசிக்க வைத்த மறுப்பு ஒன்றுதான். 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டிக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. அதுபோல நோயாளிகளே இங்கும் கூடிக்கொள்ளலாமே என்பது. கூடினால் நல்லது, ஒருவர் கையை இன்னொருவர் பிடிப்பதற்கு ஈடில்லை. ஆனால் நோய் பிடிப்பது பெரும்பாலும் கல்யாண வயதுப் பெண்களை. பெயர் வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறியும் என்று அஞ்சும் குடும்பத்தைக் கூட்டத்துக்கு வா என்பது எளிதல்ல. அவர்களுக்கு முதலில் வேண்டியது கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓரிடம். இது தொற்றாது, பிள்ளைப்பேற்றைத் தடுக்காது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல் குறைகிறது, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதத்தில் கூடுகிறது என்பது 1998-இல் வெளியான ஐரோப்பிய ஆய்விலிருந்தே தெரியும். சில மருந்துகளைக் கருத்தரிக்குமுன்பே மாற்ற வேண்டும். இதையெல்லாம் மாமியார் முன்னிலையில் மூன்று நிமிட ஓ.பி.யில் கேட்க முடியுமா?

ஆகவே எங்கள் கோரிக்கையில் புதிய கட்டடம் எதுவும் இல்லை. இருக்கும் செவிலியரில் ஒருவருக்குப் பயிற்சி, வாரம் ஒரு நாள், ஒரு தொலைபேசி எண், பலகையில் நோயின் பெயர் இல்லாத ஓர் அறை. 2021 முதல் வீடுதேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவருக்கு, நடக்க முடியாதவர்களின் விவரத்தை, அவர்கள் சம்மதித்தால், அந்த மேசை கொடுக்கட்டும். தமிழ்க் கையேட்டை எழுதி, நரம்பியல் மருத்துவரைக் கொண்டு ஆண்டுக்கொரு முறை திருத்தி, திருத்திய தேதியோடு அச்சிடும் செலவை எங்கள் அமைப்பு ஏற்கும். மருந்து நிறுவனங்களின் பணம் அதில் சேராது.