கொத்தனார் வேலையும் பாடம்தான்

 

பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது கைவேலை பீரியட்தான். பெற்றோரும் ஏன் என்று கேட்பதில்லை. இது தவறு என்று பணியில் இருந்தபோதே சொல்லிவந்தேன். இந்தக் கோடையில் இன்னும் உறுதியாகிவிட்டது.

சேவுகம்பட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் என் வீட்டுக் கொல்லையில் ஓர் ஆமை செய்தார்கள். உள்ளே செங்கல் துண்டு, கம்பி, கோழிவலை. மேலே சிமெண்ட். அதன்மேல் உடைந்த டைல்ஸ். மூன்றாம் நாள் ஒரு பையனின் அப்பா வந்து, "கொத்தனார் வேலை பழகவா சார் இவனைப் படிக்க வைக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு அவனை அழைத்துப் போய்விட்டார். வெயிலில் சாந்துச் சட்டி சுமந்த மனிதர். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆமை ஓட்டின்மேல் உள்ளங்கை அகல டைல்ஸை வைத்தால் உட்காராது, ஆடும். நடுவில் ஒட்டினால் ஓரம் தூக்கும். முதுகில் ஓரளவு பெரிய துண்டு தாங்கும். கழுத்தருகே வளைவு கூடக்கூட விரல் நக அளவுக்கு வந்துவிட வேண்டும். "தட்டையான பொருளை உருண்டைமேல் போர்த்த முடியாதா தாத்தா?" என்று ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். உலகப் படத்தை எடுத்துவந்து காட்டினேன். உருண்டையைத் தட்டையாக்கியதால்தான் அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. இதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அவள் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை வகுப்பறையில் பார்த்ததில்லை.

சிமெண்டிடமும் நிறையக் கற்றார்கள். அது யாருக்காகவும் காத்திருக்காது. இறுகும் முன் ஈரத் துணியால் துடைக்காவிட்டால் பளபளப்பு போச்சு. பூசியதைக் காயவிடாமல் ஒரு வாரம் நனைக்க வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும்.

நேக் சந்த் சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்தவர். சிற்பக் கல்லூரிப் பக்கம் போனவரில்லை. உடைந்த பீங்கானையும் வளையல் துண்டுகளையும் பொறுக்கி, யாருக்கும் தெரியாமல் பல ஆண்டுகள் காட்டுக்குள் சிலை செய்தார். அரசு நிலம் என்பதால் எந்த நேரமும் இடித்திருப்பார்கள். ஆனால் 1976இல் அதுவே ராக் கார்டனாகத் திறக்கப்பட்டது. 1984இல் பத்மஸ்ரீ. ஆமதாபாத்தில் கட்டடக் கலைஞர் தோஷி, தம் அலுவலகத்தின் வளைந்த கூரைகளுக்கு உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைத்தான் பதித்தார். வெயிலைத் திருப்பி அனுப்ப நம் ஊர் மொட்டை மாடியில் கொத்தனார் செய்கிற அதே வேலை! அவருக்கு 2018இல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

கைத்தொழில் வழியாகவே கல்வி என்று 1937இல் வார்தாவில் காந்தி சொன்னார். அந்த வழியில் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. இதைப் படிக்க நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

பையனின் அப்பாவுக்கு என் பதில் இதுதான்: அவன் கொத்தனார் ஆகவேண்டும் என்பதற்காக அல்ல. நாளைக்கு இன்ஜினியராகி வந்து கொத்தனாரிடம் பேசும்போது, அவர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரிய வேண்டும்.

என் மாணவர்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள் வரும் ஆண்டு செய்து பாருங்கள். உடைந்த பெட்டிகளை டைல்ஸ் கடையில் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். சாக்குக்குள் போட்டுத்தான் உடைக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சின்னப் பிள்ளைகளிடம் சுத்தியலைத் தராதீர்கள்.