கணவர் இருக்கும் ஊரில் மனைவிக்கும் இடம் வேண்டும்



கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஓர் இரவு மதீனாவில் நகர்வலம் வந்தபோது, போர்முனைக்குச் சென்ற கணவரைப் பிரிந்து வாடும் ஒரு பெண்ணின் புலம்பலைச் செவியுற்றார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம், ஒரு பெண் எத்தனை காலம் இப்பிரிவைப் பொறுத்திருப்பாள் என வினவினார்கள். விடை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகளில் வருகிறது. அக்காலத்துக்கு மேல் படைவீரர்களைத் தடுத்து வைக்கலாகாது எனத் தளபதிகளுக்கு ஆணை பிறந்தது. அந்தப் பெண்ணைப் பொறுமையற்றவள் என்று எவரும் ஏசவில்லை. அரசின் ஆணைதான் மாறியது.

இன்றைய படைகளிலும் இக்கேள்வி உயிரோடிருக்கிறது. தென்கொரியாவுக்கு அனுப்பப்படும் அமெரிக்க வீரர் பலருக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்லும் ஏற்பு கிடைப்பதில்லை. ஏற்புப் பெற்றவரின் மனைவிக்குப் பயணச் செலவு, வீட்டுச் சாமான்களை அனுப்பும் செலவு, குடியிருப்பு யாவும் உண்டு. ஏற்பின்றிச் செல்பவள் தன் கைப்பணத்தில் பயணிக்க வேண்டும். படைத்தளத்து மருத்துவமனையிலும் பள்ளியிலும் மற்றவர்க்குப் போக இடம் மிஞ்சினால்தான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு. ஆயினும் கணவரோடு வாழ விரும்பிச் செல்லும் மனைவியர் இருக்கவே செய்கின்றனர்.

நம் வீடுகளுக்கு இது புதிய செய்தியன்று. நம் பிள்ளைகள் சீருடை அணிந்து செல்லவில்லை. வளைகுடாவுக்கு உழைக்கச் சென்றனர். அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் ஊதியம் வேண்டும். சஊதியில் உடன் வசிக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் 2017 ஜூலையில் மாதம் 100 ரியால் எனத் தொடங்கிய கட்டணம், 2020இல் 400 ரியாலாக உயர்ந்தது. மனைவியும் இரு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். கடைச் சிப்பந்திக்கும் ஓட்டுநருக்கும் இது எட்டாத தொகை. ஆகவேதான் பலர் விசிட் விசாவில் மனைவியை அழைக்கின்றனர்.

இவ்வாறு செல்வதைச் சிலர் வீண் ஆடம்பரம் என்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. கணவரோடு வாழ்வது மனைவியின் உரிமை. ஸ்பான்சர் இல்லை என்பது அவ்வுரிமைக்கு முடிவுரை ஆகாது. ஆயினும் மூன்று நிபந்தனைகள் அவசியம்.

முதலாவது, ஹலாலான பணம். வட்டிக்குக் கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுப்பதில் பரக்கத் இல்லை. இரண்டாவது, விசா என்பது நாம் ஒப்புக்கொண்ட ஓர் உடன்படிக்கை. காலம் முடிந்தபின் தங்குவதும், விசிட் விசாவில் வந்து அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்ல முனைவதும் அவ்வுடன்படிக்கையை முறிப்பதாகும். மூன்றாவது, உண்மை. அறையின் அளவு, வாடகை, மருத்துவச் செலவு, பிள்ளையின் படிப்பு ஆகியவற்றைக் கணவர் புறப்படுமுன்பே மனைவியிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மாமனார் மாமியாரை யார் கவனிப்பது என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். அவர்களுக்குப் பணிவிடை செய்வது மருமகளின் நற்குணம். அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் பெற்றோரைப் பேணும் கடமை மகனுடையது. அக்கடமையை மனைவியின் தோளில் ஏற்றிவிட்டு, அவளுடைய உரிமையை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடுவது நீதியன்று.

அழைத்துச் செல்ல இயலாதவர் என்ன செய்வது? குடும்பத்தை விட்டு ஒருவர் எத்தனை காலம் விலகியிருக்கலாம் என்ற கேள்விக்கு இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் ஆறு மாதம் என விடையளித்தார்கள். அதற்கு மேலான பிரிவு மனைவியின் மனமொப்பிய சம்மதத்தோடு இருக்கட்டும். வாய்மூடி இருப்பதையெல்லாம் சம்மதம் எனக் கொள்ள வேண்டாம். நிகாஹ் பேசும்போதே, மாப்பிள்ளை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருவார், மணமகளை எப்போது அழைப்பார் என்று மஹல்லா ஜமாஅத்தினர் கேட்டுப் பதிவேட்டில் எழுதட்டும். மஹரை எழுதும் கைக்கு இதுவும் எழுத இயலும்.

பிரிந்திருக்கும் கணவன் மனைவியரை வல்ல அல்லாஹ் ஸலாமத்தாக ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.