பேணாத ஈகை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஏதேனும் ஒரு பள்ளியின் மிதிவண்டிக் கொட்டகையில் சற்று நேரம் நின்று பாருங்கள். வண்டிகள் பலவற்றில் ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்குழாயின் பக்கவாட்டில், நகத்தளவு வண்ணம் போயிருக்கும். சிலவற்றில் அவ்விடம் வெள்ளியாய் மின்னும். சிலவற்றில் துரு படர்ந்திருக்கும். பிரேக் ஒயர் உராய்ந்து உண்டாக்கிய தழும்பு அது. இத்தனை சிறிய வடுவுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்போர் உண்டு. தேவைதான் என்பது நம் கருத்து.

பழைய கனத்த வண்டிகளில் இரும்புக் கம்பிகளே பிரேக்கை இழுத்தன. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்றைய வண்டிகள் பலவற்றில் அவ்வேலையைச் செய்வது ஒயர். உள்ளே முறுக்கிய எஃகு இழை. வெளியே சுருள்கம்பியும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட 'அவுட்டர்'. ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் அவுட்டர் குழாயை உரசுகிறது. இடையே படியும் புழுதியும் மணலும் உப்புத்தாளின் வேலையைச் செய்கின்றன. வண்ணம் போனபின் எஞ்சியதைப் பாகூர் வயல்வழிச் சேறும் நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கத்து உப்புக்காற்றும் பார்த்துக்கொள்கின்றன.

குழாயின் மேலோட்டமான துரு, வண்டியின் அழகைக் கெடுக்குமேயன்றி அதனை உடனே முறித்துவிடாது. அஞ்சவேண்டியது வேறொன்று. உராய்வில் தேய்வது குழாய் மட்டுமன்று. ஒயரின் உறையும் தேய்கிறது. உறை கிழிந்தால் மழைநீர் உட்புகும். உள்ளிழை துருவேறி இறுகும். பிடித்த பிரேக் விடாது, அல்லது பிடிக்கவே பிடிக்காது. ஒரு மழைக்காலத்தில் பாகூர் ஏரிக்கரைச் சரிவில் இறங்குகையில் நம் வண்டியின் முன்பிரேக் இழை அறுந்தது. முழங்கால் சிராய்ப்போடு தப்பினோம். பின்னால் தம்பியை ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகும் ஒரு சிறுமியின் வண்டியில் அது நேர்ந்திருந்தால்?

இதற்கான மருத்துவமோ மிக எளிது. உரசிய இடத்தைச் சோப்புநீரால் கழுவி, ஈரம் போக உலர்த்த வேண்டும். துரு இருந்தால் உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிரைமரும் பின்னர் வண்ணமும் மெல்லிய பூச்சாகத் தரவேண்டும். நன்கு காய்ந்தபின் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பஞ்சர் சொலுஷனால் அவ்விடத்தில் ஒட்டிவிடலாம். துருவைப் போக்காமல் மேலே ஒட்டினால் அது உள்ளே ஒளிந்து வளரும். அதன்பின் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அவுட்டர் மிக நீளமாயின் உரசும். மிகக் குட்டையாயின் திருப்பும்போது இழுபட்டுப் பிரேக்கைப் பிடிக்கும். அவுட்டரின் உறை கிழிந்திருந்தால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. அதனை மாற்றியே ஆகவேண்டும்.

சைக்கிள் கடைக்காரர் இருக்க இவையெல்லாம் மாணவர் வேலையா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் பிரேக் போனபின்தான் நாம் கடைக்குப் போகிறோம். தேய்வைத் தொடக்கத்தில் காண்பது நாள்தோறும் ஓட்டுபவரின் கண் ஒன்றே. அக்கண்ணைப் பழக்குவது பள்ளியின் கடமை.

மிதிவண்டி தருவதன் பயனில் நமக்கு ஐயமில்லை. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் விரிந்தது. புதுச்சேரி அரசும் மாணவர்க்கு வண்டி வழங்கி வந்திருக்கிறது. பீகாரில் 2006இல் தொடங்கிய திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப்பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே அப்பயன் மிகுந்திருந்ததாகவும் கண்டனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. அங்கே கற்பித்தல் இருந்தது. நம் விழா மேடைகளிலோ கொடுத்தல் மட்டுமே இருக்கிறது.

ஈகையைப் போற்றிய மரபு நம்முடையது. பேணுதலையும் அம்மரபு மறக்கவில்லை. ஏரியை வெட்டியதோடு நில்லாமல் அதனைக் காக்க ஏரி வாரியம் என்றொரு குழு இருந்ததைப் பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. நாம் கேட்பது வாரியமன்று. வண்டி வழங்கும் நாளில் ஒரு மணி நேரம். உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் ஒருவரை ஆசானாக அழைத்து, பழைய டியூப் துண்டொன்றையும் உப்புத்தாளையும் பிள்ளைகளின் கையில் கொடுக்கட்டும். தமிழ் வகுப்பின் ஒரு மணி நேரத்தை அதற்கு விட்டுத்தர நாம் அணியமாயிருக்கிறோம்.