காலி வீட்டின் பெயர்ப் பலகை

நான் கதை எழுதுகிறவன். கம்ப்யூட்டர் விவகாரத்தில் இவனுக்கென்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம்; சுளிக்கட்டும். பத்து வருஷத்துக்கும் மேலாக என் கதைகளை நான் காகிதத்தில் எழுதுவதில்லை. லிபர் ஆபீஸ் என்ற மென்பொருளில்தான் தட்டச்சுச் செய்கிறேன். அது காசு கொடுத்து வாங்கியதுமல்ல, திருடியதுமல்ல. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்கே பங்கிடலாம் என்ற உரிமையோடு செய்யப்பட்டது. செய்தவர்களுக்கு நான் கடன்பட்டவன். அந்தக் கடனுக்காகத்தான் இந்தச் சண்டை.

சமீபத்தில் ஒரு நண்பர், "ஓபன் ஆபீஸ்தானே அசல்? நீர் வைத்திருப்பது அதன் நகல்" என்றார். நன்றாகப் படித்தவர். அவரே இப்படிச் சொல்கிறார் என்றால் அது அவர் குற்றமல்ல. ஒரு பெயர்ப் பலகை செய்த குற்றம்.

2000 ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி தன் மென்பொருளின் மூல நிரலைப் பொதுவில் வைத்தது. வெறும் 'ஓபன் ஆபீஸ்' என்ற பெயருக்கு வேறொருவர் பாத்தியதை கொண்டாடியதால், 'ஓபன் ஆபீஸ் டாட் ஆர்க்' என்று வலைத்தளத்தின் முகவரியையே மென்பொருளுக்குப் பெயராக வைத்தார்கள். வாசலில் மாட்டிய பலகையே பிள்ளைக்கும் பெயராயிற்று! 2010 ஜனவரியில் ஆரக்கிள் கம்பெனி சன்னை விலைக்கு வாங்கியது. கூடவே பலகையும் போயிற்று.

புது முதலாளியிடம் நம்பிக்கை இழந்து, வெளியிலிருந்து உழைத்தவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பர் 28 ஆம் தேதி டாகுமெண்ட் பவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தார்கள். அவர்கள் ஓடிப் போகவில்லை, ஐயா. 'நீங்களும் வாருங்கள், பெயரையும் கொடுங்கள்' என்று ஆரக்கிளைப் பகிரங்கமாக அழைத்தார்கள். பதில் வரும் வரைக்கும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்ட தற்காலிகப் பெயர்தான் லிபர் ஆபீஸ். பெயர் வரவில்லை. அக்டோபரில் பழைய நிர்வாகக் குழுவிலிருந்து விலகிக்கொள்ளுங்கள் என்ற சொல்தான் வந்தது.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். 2011 ஜூனில் அதே ஆரக்கிள், தனக்கே வேண்டாமென்று ஆகிவிட்ட அந்த நிரலையும் பெயரையும் அப்பாச்சி பவுண்டேஷனுக்குத் தானம் செய்தது. தேடி வந்து கேட்டவனுக்கு மறுத்ததை வேறொருவனுக்குக் கொடுப்பது தானமா, வீம்பா? எனக்கு வீம்பாகத்தான் படுகிறது.

ஆரக்கிளின் சர்வர்களிலிருந்து அப்பாச்சியின் சர்வர்களுக்கு அந்தத் தளம் குடிபெயர்ந்தது. பத்து வருஷமாகப் பல மொழிகளில் சேர்ந்து கிடந்த பக்கங்களை மூட்டை கட்டி, 'அப்பாச்சி ஓபன் ஆபீஸ்' என்று புதுப் பெயரெழுதி, பழைய கடற்பறவைகளைச் சின்னத்தில் அப்படியே பறக்கவிட்டார்கள். சுமந்தவர்களை நான் ஏசவில்லை; அவர்களில் பலர் கூலி வாங்காத தொண்டர்கள். ஆனால் முகவரி மாறாததால், வந்து போகிறவர்களுக்கு வீட்டில் ஆள் மாறியது தெரியவே இல்லை.

"கோடிக்கணக்கானோர் அறிந்த பெயரை விட்டுவிட முடியுமா?" என்று கேட்பார்கள். அதே காரணத்துக்காகத்தான் நான் ஆத்திரப்படுகிறேன். கோடிப் பேர் நம்பி வருகிற வாசலில் பட்டறை இருக்க வேண்டாமா? அப்பாச்சியின் உரிமம் தாராளமானது. அங்கே செய்ததை லிபர் ஆபீஸ்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். இவர்களுடைய உரிமமோ, 'எங்கள் திருத்தத்தை எடுத்து மேலும் திருத்தினால் அதையும் திறந்து வை' என்கிறது. அந்த நிபந்தனையோடு எடுத்துக்கொள்ள அப்பாச்சியின் விதி இடம் தராது. ஆகவே புதுச் சரக்கு பலகை இருந்த வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. 2014 ஏப்ரலில் 4.1 என்ற பதிப்பு வந்தது. பிறகு வந்தவையெல்லாம் அந்த 4.1 க்குப் போட்ட ஒட்டுகள். 2016 செப்டம்பரில், வேலை செய்ய ஆள் போதவில்லை, திட்டத்தையே மூடிவிடலாமா என்று அதன் தலைவரே பேச்செடுத்தார். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேண்டிய ஒரு மென்பொருளில் ஆள் போதாமை சின்ன விஷயமா?

மூடவில்லை. திறந்தும் வைத்துக்கொண்டார்கள், பலகையையும் கழற்றவில்லை.

2020 அக்டோபரில், ஓபன் ஆபீஸின் இருபதாவது ஆண்டு நிறைவின்போது, டாகுமெண்ட் பவுண்டேஷன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. சொத்தில் பங்கு கேட்கவில்லை. பலகையைக் கழற்றச் சொல்லவுமில்லை. தொடர்ந்து வேலை நடக்கிற லிபர் ஆபீஸ் என்று ஒன்று இருப்பதை, வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டது. தெருவில் வீடு மாறிப் போனவனைத் தேடி யாராவது வந்தால், அவனோடு பேச்சு வார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரன்கூடச் சொல்லுகிற சேதிதான் இது. அப்பாச்சி பவுண்டேஷன் கனவான்களே, ஒரே ஒரு வரி, உங்கள் முதல் பக்கத்தில், அந்தக் கடற்பறவைகளுக்குக் கீழே. அதை எழுத ஆரக்கிளின் அனுமதிகூட உங்களுக்கு வேண்டியதில்லையே!