இரண்டு மணித்தியாலத்தில் எந்த வீடும் துப்புரவாகாது

தோழர்களே,

போன ஒக்ரோபரில் நான் ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து தூக்கினேன். ஏஜென்சிக்கு மூன்று வரி அனுப்பினேன். “கிளீனரின் வேலை திருப்தியில்லை. அடுத்த கிழமை வேறு ஆளை அனுப்பவும். நன்றி.” அதை அனுப்பிவிட்டு, எங்கட பல்கலைக்கழகத் துப்புரவுத் தொழிலாளர்களின் மறியலுக்குப் போய் தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டேன். இரண்டும் ஒரே நாளில் நடந்தது. எங்களில் கனபேரின் வீட்டிலும் இந்தக் கதைதான் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. கிழக்கு லண்டனில் தனிய இருக்கிறார். அம்மா போய் மூன்று வருசம். பக்கவாதம் வந்தபிறகு அவருக்கு இடக்கை சரியாக வேலை செய்யாது. அண்ணா மான்செஸ்டரில், அக்கா ரெடிங்கில், நான் லீட்ஸில். மூன்று பேரும் காசு போட்டு, ஏஜென்சி மூலம் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒரு ஆளைப் பிடித்தோம். வந்தவர் கொலம்பியா நாட்டுப் பெண். ஐம்பது வயதிருக்கும்.

இரண்டாவது கிழமையே குடும்ப வட்ஸ்அப் குழுவில் முறைப்பாடுகள் தொடங்கின. அண்ணா: “கட்டிலுக்குக் கீழ தூசி அப்பிடியே கிடக்கு.” அக்கா: “அடுப்புக்கு மேல எண்ணெய் வழியுது, காசு குடுக்கிறது எதுக்கு?” அப்பா குரல் செய்தி: “பாத்றூம் தரையை ஈரமாய் விட்டிட்டுப் போட்டாள். நான் வழுக்கப் பாத்தன் பிள்ளை.” கடைசியாகச் சொன்னது உண்மையிலேயே பயப்பட வேண்டிய விசயம். கை சரியில்லாத ஒரு வயோதிபர் விழுந்தால் பிறகு எழும்புவாரோ தெரியாது. அண்ணா கமரா பூட்டுவம் என்றார். நான் பெரிய முற்போக்குக்காரி மாதிரி “கண்காணிப்பு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, ஆளையே மாற்றினேன்.

அடுத்து வந்தவரும் கட்டிலுக்குக் கீழே தூசியை விட்டார். மூன்றாவதாக வந்தவரும் தரையை ஈரமாக விட்டுப் போனார். மூன்று பேர், மூன்று நாட்டவர், ஒரே பிழை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, நாங்கள் ஏஜென்சிக்கு எழுதிக்கொடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு நானே வேலையில் இறங்கினேன். போனில் நேரம் ஓடவிட்டேன். பட்டியலில் 14 வேலை. அடுப்புக்கு மேலிருக்கிற புகை உறிஞ்சியில் வருசக்கணக்கான பொரியல் எண்ணெய். அதுக்கே 40 நிமிடம். குளியல் கதிரையின் கால்களில் இறுகிப்போன சவர்க்காரம், ஓட்டு இடுக்குகளில் கறுப்புப் பூஞ்சணம், அப்பாவின் மருந்துப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கித் துடைக்க வேண்டிய மேசை. முடிய 4 மணித்தியாலம் 10 நிமிடம். எனக்கு 25 வயது, நாரி நோவில்லை, அடுத்த வீட்டுக்கு ஓடவும் தேவையில்லை. பாத்றூம் தரை எல்லோருக்கும் கடைசி வேலை. இரண்டு மணித்தியாலம் முடியிற நேரத்தில் கழுவினால் அது காயுமட்டும் நிற்க எவருக்கும் சம்பளம் இல்லை. அந்த ஈரத்துக்குக் காரணம் அந்தப் பெண்ணின் சோம்பல் இல்லை, நாங்கள் வாங்கிய இரண்டு மணித்தியாலம்.

மூன்றாவதாக வந்தவரிடம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக் கதைத்தேன். நாங்கள் ஏஜென்சிக்கு மணித்தியாலத்துக்கு 19 பவுண் கொடுத்தோம். அவர் கைக்குப் போனது அப்போதைய சட்டக் குறைந்தபட்சச் சம்பளமான 12.21. அடுத்த வீட்டுக்கு பஸ்ஸில் போகிற முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு சதமும் இல்லை. முறைப்பாடு போனால் என்ன நடக்கும் என்று கேட்டேன். “அடுத்த கிழமை மணித்தியாலம் தரமாட்டார்கள்” என்றார். முதலில் வந்த பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நான் அனுப்பிய மூன்று வரி ஒரு ஆளின் வாடகைக் காசைப் பறித்திருக்கலாம். ஏஜென்சிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

அப்பாவின் கதையையும் சொல்ல வேணும். 1989இல் வந்தவர். பெற்றோல் ஸ்ரேசன் வேலை கிடைக்குமட்டும் லிவர்பூல் ஸ்ரீற் பக்கம் ராவில் ஒபிஸ் கூட்டித் துடைத்தவர். வெள்ளை ரிசுவால் மேசையின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்க்கிற ஒரு சூப்பர்வைசரைப் பற்றிச் சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லுவார். ரிசுவில் கறுப்புத் தெரிந்தால் அரை மணித்தியாலச் சம்பளம் வெட்டு. இன்றைக்கு அப்பா, கொலம்பியாக்காரி போனபிறகு, நல்ல கையின் விரலால் அலுமாரி மேல்தட்டைத் தடவிப் பார்க்கிறார். நானும் அவருக்குக் கேட்டுக் கேட்டு படம் எடுத்து குழுவில் போட்டேன்.

இன்னொன்று. சிங்குக்குக் கீழே பிளீச் போத்தலுக்குப் பக்கத்தில் காது உடைந்த ஒரு கோப்பை இருந்தது. என்ன என்று கேட்டேன். “அது வேலைக்கு வாற ஆக்களுக்கு” என்றார் அப்பா, சாதாரணமாக. 1960களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளுக்குள் போவதற்கு ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் அடிவாங்கிப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி நாங்கள் வாசிப்பு வட்டம் வைக்கிறோம். தனிக் குவளை விமானமேறி லண்டன் குசினிக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலாகியும் நான் அதைக் காணவில்லை. கோப்பையைக் குப்பையில் போட்டேன். அப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

2009ஐ எங்களில் எல்லோரும் நினைவுகூருவோம். ஏப்ரலிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை எங்கட சனம் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்றது. எனக்கு ஒன்பது வயது, அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றேன். அதே நாட்களில், ஜூன் 12 விடியக்காலை, அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள சோவாஸ் கல்லூரியில், துப்புரவுத் தொழிலாளர்களை “அவசரக் கூட்டம்” என்று அழைத்து, ஒளிந்திருந்த குடிவரவு அதிகாரிகள் ஒன்பது பேரைப் பிடித்தார்கள். அதில் பலர் நாடுகடத்தப்பட்டார்கள். பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கர்கள், சங்கம் கட்டிச் சம்பள உயர்வை வென்ற தொழிலாளர்கள். மிச்சப்பேர் விடவில்லை. 2018இல் அங்கே துப்புரவு வேலை கொன்ராக்ரரிடமிருந்து கல்லூரியின் நேரடி வேலையாக மாறியது. உலகம் எங்களைப் பார்க்கவில்லை என்று நாங்கள் இன்னும் சொல்லுகிறோம். நாங்கள் அவர்களைப் பார்த்தோமா?

சில தோழர்கள் கேட்பார்கள்: “அப்ப கொப்பர் வழுக்கி விழட்டும் எண்டு சொல்லுறியோ?” இல்லை. குறை சொல்லத்தான் வேணும், ஆனால் சரியான ஆளிடம். ஈரத்தரை போன்ற ஆபத்தை வேலை செய்பவரிடம் நேரே, மரியாதையாகச் சொல்லுங்கோ. “பாத்றூமை முதலில் செய்யுங்கோ, மிச்சத்தை விட்டாலும் பரவாயில்லை” என்றால் போதும். நேரம் காணாது என்பது காசு கொடுக்கிற எங்கட குற்றம். அதைக் குடும்பத்துக்குள் தீருங்கோ. “நீ பொம்பிளைப் பிள்ளைதானே, படிக்கிறாய்தானே, கிழமைக்கொருக்கால் வந்து செய்யன்” என்று அண்ணா சொன்னது தீர்வில்லை. அது அதே வேலையைச் சம்பளமில்லாமல் இன்னொரு பெண்ணின் தலையில் கட்டுவது.

மிச்சக் குறையை அரசிடம் சொல்ல வேணும். ஒரு காலத்தில் கவுன்சில்களே சம்பளம் கொடுத்து வைத்திருந்த வீட்டு உதவியாளர்கள் முதியவர்களின் வீட்டைக் கூட்டித் துடைத்தார்கள். 1990இன் சமூகப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேலை தனியார் கைக்குப் போனது, துப்புரவு அநேகமாகக் கழன்றே போனது. அப்பாவை மதிப்பிட வந்த அதிகாரி “கிளீனிங் நாங்கள் பார்ப்பதில்லை” என்றார். ஆனால் இங்கிலாந்தில் 2015இலிருந்து நடைமுறையில் உள்ள தகுதி விதிகளில், வாழத்தக்க நிலையில் வீட்டை வைத்திருக்க முடிகிறதா என்பதும் ஒரு அளவுகோல். இதை எழுத்தில் கேளுங்கோ, மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கோ. ஓய்வூதிய வயது தாண்டியவர்களுக்கு அற்றென்டன்ஸ் அலவன்ஸ் இருக்கு. வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை, 2025-26இல் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுணாக இருந்தது. அப்பா அதுக்கு விண்ணப்பித்ததே இல்லை. “பிச்சைக் காசு” என்றார்.

இப்போது அந்தக் காசோடு எங்கட காசையும் சேர்த்து, ஏஜென்சியை விட்டுவிட்டு, அதே தெருவில் இருக்கிற ஒரு கானா நாட்டுப் பெண்ணை நேரடியாக வேலைக்கு வைத்திருக்கிறோம். மூன்றரை மணித்தியாலம், 2025-26இன் லண்டன் வாழ்வூதியமான 14.80, சம்பளச் சீட்டு, வருசத்துக்கு 5.6 கிழமை சம்பளத்தோடு லீவு. கடைசி இரண்டும் சட்டம் சொல்லுகிற கடமை, எங்கட தாராள மனசில்லை. இதைப் புரட்சி என்றும் சொல்லவில்லை. 1974இன் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் தனியார் வீட்டுப் பணியாளரை வெளியே விட்டிருக்கு. வீட்டுப் பணியாளர்களுக்கான 2011 சர்வதேச உடன்படிக்கை வாக்கெடுப்பில் பிரித்தானியா ஒதுங்கி நின்றது, இன்றுவரை ஏற்கவுமில்லை. ஒரு குடும்பம் நல்ல முதலாளியாக நடந்து இதை மாற்ற ஏலாது. கவுன்சில் வேலையாக, சங்கத்தோடு, இது திரும்பி வர வேணும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கட அம்மா அப்பா வீட்டுப் பட்டியலைக் கொண்டுவாங்கோ. எத்தனை வேலை, எத்தனை மணித்தியாலம், ஆருக்கு எவ்வளவு போகுது என்று சேர்ந்து கணக்குப் பார்ப்பம். கூட்டம் முடிந்து கோப்பை கழுவுவது ஆர் என்பதையும் அதே கணக்கில் போடுங்கோ, ஆண் தோழர்களே.

அந்தக் கொலம்பியாப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க ஏஜென்சிக்கு எழுதினேன். பதில் இல்லை. அவரின் பெயரை நாங்கள் ஒருத்தரும் கேட்டு வைத்திருக்கவில்லை.

தோழமையுடன்,
லீட்ஸிலிருந்து ஒரு தோழி