இல்லம் பேணுவோம்: குளியலறைச் சுவரில் மொசைக் ஓடுகள்

வாசக சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்தம் வீட்டுக் குளியலறையின் அளவு ஆறடிக்கு ஐந்தடி. அதன் மறுபுறம் முதிய மாமியார் படுக்கும் அறை. அவ்வறையின் சுவர் ஆண்டு முழுவதும் ஈரம் கசிந்து உப்புப் பூத்து நிற்கிறது. வெளியூரில் பணிபுரியும் மகன் அனுப்பிய பணத்தைக் கொண்டு, குளியலறையின் நான்கு சுவர்களிலும் ஏழடி உயரத்துக்கு வண்ணக் கண்ணாடி மொசைக் பதித்துவிட்டால் ஈரமும் நிற்கும், அழகும் கூடும் அன்றோ என்று கேட்கிறார்.

அழகு கூடும், ஐயமில்லை. ஈரம் மட்டும் நிற்காது.

மொசைக் என்றவுடன் நம்மில் பலருக்குச் சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து இழைத்த பழைய வீட்டுத் தரையே நினைவுக்கு வரும். சகோதரி கேட்பது அதுவன்று. விரல்நுனி அளவான சிறு ஓடுகளை வலையிலோ தாளிலோ ஒட்டி, ஏறத்தாழ ஓரடிச் சதுரமாக விற்கும் வகை. கலிலேயக் கடற்கரையிலுள்ள தப்கா ஆலயத்தின் தரையில், அப்பக் கூடையும் இரு மீன்களும் இவ்வாறே சிறு கற்களால் 5ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பெற்றன. (கூடையில் காண்பது நான்கு அப்பங்களே, ஐந்தாவது பலிபீடத்தின்மேல் இருக்கிறது என்று திருப்பயணியருக்கு விளக்கம் கூறுவதுண்டு.) இத்துணைக் காலம் நிலைக்கவல்ல வேலைதான். ஆயினும் ஓடு சிறுத்தால் இடுக்கு பெருகும். ஓட்டின் வழியே நீர் புகாது. இடுக்கின் வழியே புகும். சிமெண்டு கொண்டு நிரப்பிய இடுக்கு நீரைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது; அவ்வளவே. நீரைத் தடுக்கவேண்டியது ஓட்டுக்குப் பின்னாலுள்ள பூச்சு.

ஆகவே முதற்செலவு அங்கேதான். சுவருக்குள் பதித்த குழாயில் கசிவு உண்டா என்று குழாய்ப் பணியாளரைக் கொண்டு அழுத்தம் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். பின்னர்ச் சுத்தியின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் உதிர்க்கவேண்டிய இடம். பழைய வெள்ளை, டிஸ்டெம்பர், உப்புப் பூத்த பூச்சு ஆகியவற்றின்மேல் எதுவும் ஒட்டாது. ஒன்றுக்கு நான்கு மணல் கலந்த புதுப்பூச்சுக்கு ஏழு நாளேனும் நீர் தெளித்து, மொத்தம் நான்கு வாரம் ஆறவிடுங்கள். கொத்தனார் அவசரப்படுத்துவார், இணங்க வேண்டாம். பெரிய ஓடு சுவரின் மேடுபள்ளத்தை ஓரளவு மறைக்கும். மொசைக்கோ ஒவ்வொரு மேட்டையும் விளக்கொளியில் காட்டிக்கொடுக்கும். ஆறடி மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருத்தலாகாது.

அதன்பின் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை. இரண்டாவது, முதலாவதற்குக் குறுக்காக. தரையும் சுவரும் கூடும் மூலையில் வலைத்துணி வைத்துப் பூசவேண்டும். காய்ந்ததும் வடிகாலை அடைத்து ஓரங்குல நீர் தேக்கி, ஒரு நாள் முழுவதும் விட்டு, அடுத்த அறையைப் பாருங்கள். பூச்சுக்கு முன்பே செய்யவேண்டிய இன்னொன்றும் உண்டு: மாமியார் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி. ஓடு பதித்தபின் துளையிட்டால் கண்ணாடி விரியும், நீர்த்தடுப்பும் கிழியும். ஆதலால் அதற்கான பிடிப்புகளை முன்னரே செங்கற்சுவரில் உறுதியாகப் பதித்து, சுற்றிலும் பூசிவிடுங்கள்.

இனிக் கணக்கு. நான்கு சுவர்களுக்கும் ஏழடி உயரமென்றால், கதவு நீங்கலாகச் சுமார் 137 சதுர அடி; சேதாரத்தோடு 150 தாள்கள் வேண்டும். கண்மட்டத்தில் ஓரடி அகலப் பட்டையாகச் சுற்றிப் பதித்தால் 22 தாள்கள் போதும்; எஞ்சிய சுவருக்குச் சாதாரண வெள்ளை ஓடு. நான் பட்டையையே பரிந்துரைப்பேன். மீதமாகும் பணம் பூச்சுக்கும் கம்பிக்கும் ஆகும்.

பதிக்கும் பசை ஐ.எஸ். 15477 தர எண் கொண்டதாக, கண்ணாடி ஓட்டுக்கென்றே குறிக்கப்பட்டதாக, வெள்ளை நிறத்ததாக இருக்கட்டும்; சாம்பல் நிறப் பசை கண்ணாடியின் ஊடே மங்கலாய்த் தெரியும். பல்கரண்டியால் இழுத்த வரிகளை மட்டக்கரண்டியால் சமன் செய்த பிறகே தாளை ஒட்டவேண்டும். கால் மணி நேரத்தில் ஒட்டக்கூடிய அளவே பூசுக. முகப்பில் தாள் ஒட்டியிருக்கும் வகையாயின், அத்தாள் நம்மை நோக்கியிருக்கவேண்டும்; பசை இறுகத் தொடங்கியபின் நனைத்து உரிப்பார்கள். தாளுக்கும் தாளுக்கும் இடையிலான இடுக்கு, தாளினுள்ளே இருக்கும் இடுக்கின் அளவே இருத்தல் வேண்டும். இல்லையேல் சுவர் சதுரம் சதுரமாகப் பிரிந்து தோன்றும். கைதேர்ந்தவரின் வேலையை அறிவது இங்கேதான். மறுநாள் மணலற்ற மாவினால் இடுக்கை நிரப்பலாம். மணல் கண்ணாடியைக் கீறும்.

இவ்வேலைக்குப் பெரிய ஓட்டைவிடக் கூடுதல் நாளாகும். அதற்கேற்ற கூலியை முன்கூட்டியே பேசி, முடித்த அன்றே கொடுத்துவிடுங்கள். தொழிலாளியின் கூலியை மறுப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றென மறைக்கல்வியில் படித்தோமே! வெள்ளை ஓட்டை அறுக்கும்போது நீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசு ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் தங்கி, மீளாத நோயைத் தருவது. கண்ணாடியை வெட்டுபவருக்குக் கண்காப்பும், பசை குழைப்பவருக்கு ரப்பர்க் கையுறையும் வாங்கிக் கொடுப்பது பெருஞ்செலவன்று.

வேலை முடிந்ததும் சிந்திய சிமெண்டை அகற்ற ஆசிட் ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. வேண்டவே வேண்டாம், இடுக்கு மாவை அது அரித்துவிடும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று கலந்தால் எழும் குளோரின் வாயு, சிறிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. ஈரத்துணியும் சவர்க்கார நீரும் போதும். மீந்த தாள்களில் இரண்டைப் பரணில் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நிறம் கடையில் கிடைக்குமென்று சொல்ல இயலாது.