பிரமிடு வேண்டாம், மண் வீடு கொடுங்கள்

பழைய எகிப்தை மேசைமேல் விரித்துப் பொம்மைப் படைகளை மோதவிடும் எங்களைப் போன்றவர்களுக்குக் கடைகள் திரும்பத் திரும்ப நீட்டுவது பிரமிடு, இல்லையென்றால் ஸ்பிங்க்ஸ். கொஞ்சம் செலவு செய்தால் பெரிய தூண் வைத்த கோயில். மனிதர் குடியிருக்க ஒரு வீடு கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

பெங்களூரு சிவாஜிநகரில் இப்படியும் ஒரு பொழுதுபோக்கா என்பவர்களுக்கு: உண்டு. ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து மாடி அறை ஒன்றில் ஞாயிறு மத்தியானம் நாலைந்து பேர் கூடுகிறோம். பிளைவுட் பலகை, பகடை, அளவு நாடா, 6 மி.மீ. உயரச் சிப்பாய்கள். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கு விதிப் புத்தகமே போட்டிருக்கிறார். சதுரங்கம் பிறந்த நாட்டில் இதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எங்களுக்குப் பிடித்தது காதேஷ் சண்டை. கி.மு. 1274 வாக்கில் இரண்டாம் ராம்சேஸும் ஹிட்டைட் அரசன் முவதல்லியும் தேர்ப்படையோடு மோதியது. நடந்த இடம் இன்றைய சிரியாவில், ஒரோண்டஸ் ஆற்றங்கரை. அங்கே ஏது பிரமிடு? கீசாவின் பெரிய பிரமிடு ராம்சேஸ் காலத்திலேயே ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைவிட அது அதிகம். ஆனாலும் ‘எகிப்து செட்’ என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் பிரமிடு உட்கார்ந்திருக்கிறது.

நான் பிழைப்புக்குக் கட்டட வரைபடம் போடுகிறவன். அளவு தப்பினால் கண் உறுத்தும். 6 மி.மீ. சிப்பாய் என்றால் ஏறக்குறைய 1:300. கட்டியபோது 146 மீட்டர் உயரமிருந்த பெரிய பிரமிடு அந்த அளவில் 49 செ.மீ. வரும், அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 77 செ.மீ. அதை வைத்துவிட்டால் எங்கள் மேசையில் சண்டை போட இடமிருக்காது. கடைக்காரர் தருவதோ உள்ளங்கையில் அடங்குவது. அதன் பக்கத்தில் நிற்கும் சிப்பாய் ராட்சதனாகத் தெரிகிறான்.

வேண்டியது தேர் அல்-மதீனா மாதிரி ஒரு ஊர். அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை வெட்டிய தொழிலாளிகள் குடும்பத்தோடு இருந்த இடம் அது. மதிலுக்குள் 68 வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி, நடுவே ஒரு தெரு. வீடு சராசரியாக 5 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். தெருவைப் பார்த்துக் குறுகிய முகப்பு, அதன் பின்னால் ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், கடைசியில் திறந்தவெளி அடுப்படி, மாடிக்குப் படி. எங்கள் சந்து வீடுகளில் வளர்ந்த எவனுக்கும் இந்தப் பிளானை விளக்க வேண்டியதில்லை. மேசையில் இது 1.7க்கு 5 செ.மீ.; விரல் அளவு. இருபது வீடு வைத்தால் ஒரு தெரு, தெருமுனையில் மறிக்க ஒரு படை, மாடியில் வில்லாளிகள். ஆட்டம் சூடுபிடிப்பது அப்போதுதான்.

குட்டி மாடல் செய்யும் வேலையில் பழைய எகிப்தியர்களே நமக்கு முன்னோடிகள். அஸ்யூட்டில் மெசெஹ்தி என்ற அதிகாரியின் கல்லறையில் 40 ஈட்டிக்காரர்களும் 40 நூபிய வில்லாளிகளும் மரச் சிற்பங்களாக அணிவகுத்திருந்தார்கள். நாலாயிரம் வருஷத்துப் பொம்மைப் படை, கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1920இல் மெகெத்ரே என்ற இன்னோர் அதிகாரியின் கல்லறையை அகழ்வாய்வாளர் வின்லாக் திறந்தபோது கிடைத்தவை தானியக் கிடங்கு, ரொட்டி சுடும் இடம், மாட்டுத் தொழுவம், குளமும் மரமும் வைத்த வீட்டு முற்றம். ரிஃபேயில் பெட்ரி தோண்டி எடுத்தவை ஏழைகளின் கல்லறை மேல் வைத்த சுட்ட மண் வீடுகள், மாடிப்படி உள்பட. போகிற உயிருக்கு இவர்கள் கட்டிக்கொடுத்தது வீடும் கிடங்கும். பிரமிடுப் பைத்தியம் நம்முடையது.

வெளிநாட்டில் நல்ல மண் வீட்டு மாடல்கள் கிடைக்கின்றன. ஆனால் பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. தபால் செலவையும் சேர்த்தால் விரல் அளவு வீட்டுக்குக் கொடுக்கிற விலை அநியாயம். உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்றத்தான் அந்தத் தீர்வை என்கிறார்கள். சரி, அப்படியானால் உள்ளூர்த் தொழிலிடமே போவோமே.

போகிற தூரமும் அதிகமில்லை. டிசம்பர் பிறந்தால் புனித மரியன்னை பேராலயத்தைச் சுற்றிக் குடில் சாமான் கடை போடுகிறார்கள். தட்டைக் கூரை வீடு, ஈச்ச மரம், ஒட்டகம், கிணறு. பெத்லகேம் என்று விற்பதைத் தாராளமாக நைல் கரையில் வைக்கலாம். 28 மி.மீ. சிப்பாய் வைத்து ஆடுகிறவர்கள் அப்படியே வாங்கிக்கொள்ளலாம். எங்கள் அளவுக்கு அவை பெரிது.

அதனால் நான் போவது பாட்டரி டவுன். அங்கே சக்கரத்தில் உட்காரும் குடும்பங்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அவர்களில் ஒரு அம்மாவிடம் வீட்டின் படத்தைக் காட்டியபோது அவர் கேட்டது: “கொலுவுக்கா சார், குடிலுக்கா?” சண்டைக்கு என்றேன். ஒரு நொடி பார்த்துவிட்டு, “அஞ்சு சென்டிமீட்டர் வேணும்னா அஞ்சரைக்குப் போடணும், காய்ஞ்சு வெந்தா சுருங்கும்” என்றார். பிறகு மண்ணைத் தட்டி, சுவரை லேசாக உள்பக்கம் சாய்த்து நிறுத்தி, துடைப்பக் குச்சியால் உயரத்தில் சின்னதாக இரண்டு ஜன்னல் குத்தினார். வெயில் நாட்டு வீட்டுக்கு ஜன்னல் அப்படித்தான் இருக்கும். அதை நான் சொல்லவில்லை.

முப்பரிமாண அச்சு இருக்கிறதே, லேசர் கட்டிங் இருக்கிறதே என்று இளசுகள் சொல்கிறார்கள். கல் கோயிலுக்கு அது பொருந்தும்; கோபுர வாசல் கத்தி மாதிரி வெட்டி நிற்க வேண்டும். மண் வீட்டுக்குக் கூர்மையான விளிம்பு வந்தால் ஆபீஸ் கட்டடம் போலாகிவிடும். நைல் கரை வீடுகள் வண்டலும் வைக்கோலும் கலந்து வெயிலில் காய்ந்த செங்கல். அந்தச் செங்கலைக் குறைத்து எடை போட வேண்டாம். தீப்ஸில் ராமஸ்ஸியம் கோயிலின் தானியக் கிடங்குகள் மண் செங்கல் வளைவுகளோடு மூவாயிரம் வருஷம் தாண்டியும் நிற்கின்றன. சாரம் கட்டாமல் வளைவு எழுப்பும் அந்த நூபிய முறையை இன்று ஆரோவில்லின் மண் கட்டடக் கழகத்தில் சொல்லித் தருகிறார்கள்.

எங்கள் அடுத்த ஆசை புஹென் கோட்டை. நூபியாவில் எகிப்தியர் கட்டிய மண் கோட்டை. உள்கோட்டை சுமார் 150க்கு 138 மீட்டர், மதில் 5 மீட்டர் கனம், வெளியே அகழி. எமரி 1957 முதல் அதை அகழ்ந்தார். 1964இல் அஸ்வான் அணை நீர் கொண்டுபோய்விட்டது. நேரில் பார்க்க வழியில்லை. பலகையில் 50க்கு 46 செ.மீ., கச்சிதமாக உட்காரும்.

அதை யாராவது முந்திக்கொண்டு செய்வதாக இருந்தால் ஒரு வார்த்தை. ஆவணியில் பாட்டரி டவுன் பக்கம் இதற்காகப் போகாதீர்கள், பிள்ளையார் வேலை. அதன் பிறகு கொலு, தீபாவளி விளக்கு, கார்த்திகை அகல், பொங்கல் பானை என்று நிற்க நேரமிருக்காது அவர்களுக்கு. தை பாதியில் போங்கள், முன்பணம் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.